பாத் நகரத்துக்கு இருவராகப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறவர்கள், கல்யாணமான புதிதில் ஊர் சுற்ற வருகிறவர்கள், ஆபீஸ் வேலையாக வந்து ஒரு வார இறுதி மிச்சமானவர்கள் என்று யார் கேட்டாலும் பாத் பற்றிய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கணவன் மனைவி இருவர், ஒன்றிரண்டு நாள் என்ற கணக்கில் எழுதியிருக்கிறேன். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குச் சில பதில்கள் பொருந்தாது.

பாத் எங்கே இருக்கு? லண்டன்ல இருந்து போயிட்டு வர்ற தூரமா?

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் பகுதியில், ஏவன் ஆற்றங்கரையில் இருக்கிறது. லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நிலையத்தின் பெயர் பாத் ஸ்பா. பிரிஸ்டலிலிருந்து கால் மணி நேரம் போதும். ஊரின் நடுப்பகுதி சின்னது. நிலையத்திலிருந்து, ஊருக்குப் பெயர் வாங்கித்தந்த வெந்நீர் ஊற்றின் மேல் ரோமானியர் கட்டிய குளியல் கூடத்துக்கு (ரோமன் பாத்ஸ்) பெட்டியை இழுத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் நடந்து போய்விடலாம்.

1987-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2021-ல் ஐரோப்பாவின் 11 பெரிய ஊற்று நகரங்களில் ஒன்றாக இரண்டாம் முறையும் பட்டியலில் சேர்ந்தது.

எங்ககிட்ட ஷெங்கன் விசா இருக்கு. அதுலயே வரலாமா?

வர முடியாது. பிரிட்டனுக்குத் தனி விசா எடுக்க வேண்டும்.

ஒரு நாள் போதுமா, தங்கணுமா?

போய் வரலாம். ஆனால் என்னைக் கேட்டால் ஓர் இரவாவது தங்குங்கள் என்பேன். சுற்றுலாப் பேருந்துகள் பத்து, பதினொரு மணிக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டும், நாலரை ஐந்துக்கு அள்ளிக்கொண்டு போகும். அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் ஊர் ஊராக இருக்கும். காலை ஏழரை மணிக்கு அபி தேவாலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் புறாக்களையும் தள்ளுவண்டியோடு போகும் துப்புரவுத் தொழிலாளியையும் தவிர ஆளிருக்காது. மாலை வெயில் சாயும்போது தேன் நிறக் கல் கட்டடங்கள் எல்லாம் ஒன்றாகப் பொன்னிறமாகும். அதற்குள் நீங்கள் திரும்பும் ரயிலில் இருந்தால் என்ன பிரயோஜனம்?

அறை வாடகைதான் சிக்கல். வெள்ளி, சனி இரவுகள் கையைச் சுடும். ஞாயிறு முதல் வியாழன் வரை இறங்கும். ரக்பி ஆட்டம், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு, கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும் நாட்களில் வார நாள்கூட ஏறிவிடும். கட்டுப்படியாகவில்லை என்றால் பிரிஸ்டலில் தங்கலாம், ஆனால் மேலே சொன்ன காலையும் மாலையும் அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

ரயிலா, பஸ்ஸா, கார் எடுத்துக்கலாமா?

இருவர் என்றால் ரயில். ‘டூ டுகெதர்’ என்று ஒரு ரயில்கார்டு உண்டு. இரண்டு பேர் பெயரும் படமும் சேர்ந்த ஒரே அட்டை. இருவரும் சேர்ந்து பயணம் செய்தால் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் வாங்கலாம். வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாத் வருவதற்குச் சற்று முன் ரயில் ஒரு நீளமான சுரங்கத்துக்குள் நுழையும். புருனெல் என்ற பொறியாளர் கட்டி 1841-ல் திறந்த பாக்ஸ் சுரங்கம் அது. இருட்டு விலகியதும் பெட்டியை இறக்கத் தொடங்கலாம்.

லண்டனிலிருந்து நேரடிப் பேருந்து மலிவு, ஆனால் நேரம் இரட்டிப்பாகும். ஹீத்ரோவில் இறங்கி நேராக வருகிறவர்கள் லண்டனுக்குள் போகவே வேண்டாம். ரெடிங்குக்குப் பேருந்து, அங்கிருந்து ரயில். கார் வைத்திருப்பவர்கள் ஊருக்கு வெளியே உள்ள லான்ஸ்டவுன், நியூபிரிட்ஜ், ஆட் டவுன் வாகன நிறுத்தங்களில் விட்டுவிட்டு அங்கிருந்து புறப்படும் பேருந்தில் உள்ளே வருவதுதான் நிம்மதி. உள்ளே பார்க்கிங் தேடுவதில் உங்கள் அரை நாளும் தாம்பத்திய அமைதியும் போகும்.

ரோமன் பாத்ஸ்ல குளிக்கலாமா? டவல் கொண்டு வரணுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். குளிக்க முடியாது, கைகூட வைக்கக் கூடாது. அது இப்போது அருங்காட்சியகம். பெரிய குளத்தின் நீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் பாசி. ரோமானியர் காலத்தில் குளத்தின் மேல் உயரமான வளைவுக் கூரை இருந்தது. அது இடிந்து போனதால் வெயில் நேராக விழுகிறது, பாசி வளர்கிறது. ஊற்றிலிருந்து வரும்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் இந்த நீரில் மக்கள் நீந்தினார்கள். 1978-ல் அப்படி நீந்திய ஒரு சிறுமி மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்தார். அதன்பின் நகரத்தில் வெந்நீர்க் குளியலே நின்றுபோனது. புதிய ஆழ்துளைகள் வழியாகச் சுத்தமான நீரை எடுத்து, அதற்கென்றே கட்டிய இடம் 2006-ல் திறந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது.

அப்போ நிஜமா வெந்நீர்ல இறங்கறது எங்கே?

அந்த 2006 கட்டடத்தில்தான். தெர்மே பாத் ஸ்பா என்று பெயர், ரோமானியக் கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மொட்டை மாடியில் ஒரு திறந்தவெளிக் குளம், கீழே இன்னொன்று, நடுவே நீராவி அறைகள். நேரக் கணக்கில் அனுமதி, வழக்கமாக இரண்டு மணி நேரம். ஊற்று நீரைக் கொஞ்சம் ஆறவைத்துத்தான் விடுகிறார்கள், உடம்புச் சூட்டைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். கொதிக்கும் நீரை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

போவதென்றால் இருட்டும் நேரத்தைப் பிடியுங்கள். குளிர்காலத்தில் நாலு மணிக்கே வானம் கறுக்கத் தொடங்கும். தோள்வரை வெதுவெதுப்பு, காதுமடலில் சில்லென்ற காற்று, நீராவிக்கு அப்பால் விளக்கு போட்ட அபி கோபுரம். காசு கொடுத்துச் செய்யும் காரியங்களில் இந்த ஊரில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதி. வார இறுதிக்கு முன்பதிவு செய்யாமல் வராதீர்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சலுடை போட்டுப் பழக்கமும் இல்ல. போகலாமா?

நீச்சல் வேண்டாம், நெஞ்சளவு தண்ணீர்தான். யாரும் நீந்துவதும் இல்லை, மிதந்துகொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். உடை விஷயத்தில், நீச்சலுக்கென்றே தைத்த துணி கட்டாயம். சுடிதார், பருத்தி டீ-ஷர்ட் போட்டு இறங்க விடமாட்டார்கள். உடை மாற்றும் பகுதி ஆண் பெண் இருபாலருக்கும் பொது, ஆனால் தாழ்ப்பாள் போட்ட தனித்தனி அறைகள் உண்டு. தெரியாமல் உள்ளே போய்த் திகைத்து நின்றவர்கள் சொன்னதால் இதைக் குறிப்பிடுகிறேன். துவாலை, அங்கி, செருப்பு அங்கேயே தருவார்கள். அங்கியைப் போட்டுக்கொண்டு குளத்தின் ஓரம்வரை போய், அங்கே மாட்டிவிட்டு இறங்கலாம்.

ரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

தண்ணி ஏன் சூடா வருது? பக்கத்துல எரிமலை ஏதும் இருக்கா?

இல்லை. தெற்கே உள்ள மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை சுண்ணாம்புப் பாறை வழியாகப் பூமிக்குள் 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஆழத்தில் இருக்கும் இயல்பான சூட்டில் காய்கிறது. பிறகு பாறைப் பிளவுகள் வழியாக அழுத்தத்தோடு மேலே ஏறி இந்த ஊரில் வெளியே வருகிறது. வெளிவரும்போது 46 டிகிரி செல்சியஸ், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். இன்று வரும் நீர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழையாகப் பெய்தது.

ரோமன் பாத்ஸுக்கு டிக்கெட் விலை ஜாஸ்தி. வொர்த்தா? உள்ளே என்னதான் இருக்கு?

ஜாஸ்திதான், வார இறுதியில் இன்னும் அதிகம். ஆனாலும் போங்கள். பலர் பெரிய குளத்தருகே நாலு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டு “ஒண்ணுமில்ல” என்கிறார்கள். மேல் மாடத்தில் நிற்கும் சிலைகளைப் பார்த்து ரோமானியச் சிற்பம் என்று வியக்கிறார்கள். அவை 1890-களில் செதுக்கப்பட்டவை. தெருமட்டத்துக்குக் கீழே இருப்பதுதான் பழசு. குளத்தின் அடியில் விரித்திருக்கும் ஈயத் தகடுகள் ரோமானியர் போட்டவை, நீர் இன்னமும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

பெரிய குளத்துக்குப் போகும் வழியில் ஒரு வளைவுக்குக் கீழே உபரி நீர் பொங்கி ஓடும் இடம் வரும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். கல் முழுக்க இரும்புக் கறையில் செம்மஞ்சளாக இருக்கும், முகத்தில் ஆவி அடிக்கும். ரோமானியர் வெட்டிய வடிகாலில்தான் அந்த நீர் இன்றும் ஏவன் ஆற்றுக்குப் போகிறது.

அடுத்து சாபத் தகடுகள். இந்த ஊற்று சுலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்துக்குரியது. வந்தேறிய ரோமானியர்கள் அவளைத் தங்கள் மினர்வாவோடு சேர்த்து சுலிஸ் மினர்வா ஆக்கி, கி.பி. முதல் நூற்றாண்டில் கோயில் கட்டினார்கள். குளிக்கப் போன இடத்தில் துணியையும் காசையும் திருட்டுக் கொடுத்தவர்கள், ஈயத் தகட்டில் முறையீட்டைக் கீறி, மடித்து ஊற்றில் போட்டார்கள். சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. டொசிமெடிஸ் என்பவர் தன் இரண்டு கையுறைகளைத் திருடியவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று கேட்கிறார். இரண்டு கையுறைக்கு! ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் விளக்கம் தேவைப்படாது. 1727-ல் சாக்கடை தோண்டியபோது கிடைத்த, பொன்முலாம் பூசிய மினர்வாவின் வெண்கலத் தலையும் உள்ளே இருக்கிறது.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை முதல் நேரத்துக்குப் பதிவு செய்தால் குளத்தின் மேல் ஆவி எழுவதையும் பார்க்கலாம், ஆளும் குறைவு.

அந்தத் தண்ணியைக் குடிக்கவும் செய்யலாமாமே?

சுத்திகரித்த நீரை ரோமானியக் கூடத்தை ஒட்டிய பம்ப் ரூம் என்ற பழைய கூடத்தில் தருகிறார்கள். குளத்து நீரைத் தொடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். நீரில் 43 தாதுக்கள் இருப்பதாகச் சொல்வார்கள். இளஞ்சூட்டில், துருப்பிடித்த குழாய் வாசத்தோடு இருக்கும். ஒரு வாய் போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் மூட்டுவலிக்காரர்கள் தினமும் பல டம்ளர் குடித்தார்களாம், பாவம்.

ராயல் கிரசன்ட், ராயல் கிரசன்ட்னு சொல்றாங்க. வெறும் வீடுங்கதானே?

வீடுகள்தான். 1767-லிருந்து 1775-க்குள் ஜான் வுட் இளையவர் கட்டிய 30 வீடுகள், பிறை வடிவில், ஒரே அரண்மனைபோல் தெரியும்படி, 114 தூண்களோடு. இதில் ஒரு தந்திரம் உண்டு. வுட் வடிவமைத்தது முன்முகப்பை மட்டும். மனை வாங்கியவர்கள் பின்னால் அவரவர் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். பின்பக்கத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வீடு துருத்திக்கொண்டிருக்கும், ஒன்று உள்வாங்கியிருக்கும், கூரை உயரம் ஒத்துப்போகாது, குழாய்கள் கண்டபடி ஓடும். முன்பக்கத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

முன்னால் புல்வெளியில் உட்காரலாம், ஆனால் மேல்பாதி குடியிருப்பவர்களுக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் ஒரு மதில் இருக்கிறது. கீழே நின்றால் தெரியும், வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆடு மாடு மேலே வரவும் கூடாது, வேலி கண்ணை உறுத்தவும் கூடாது என்று செய்த ஏற்பாடு. 22-ஆம் எண் வீட்டின் கதவு மட்டும் மஞ்சள். மற்றதெல்லாம் வெள்ளையாக இருக்க அந்த வீட்டுக்காரர் மட்டும் மஞ்சள் அடித்ததால் 1970-களில் நகராட்சியோடு தகராறு, கடைசியில் மஞ்சள்தான் ஜெயித்தது. முதல் வீடு அருங்காட்சியகம். சமையற்கட்டு முதல் படுக்கையறை வரை அந்தக் காலப் பொருட்களோடு வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து பிராக் தெரு வழியாக சில நிமிடம் நடந்தால் சர்க்கஸ். ஜான் வுட் மூத்தவர் 1754-ல் தொடங்கி, மகன் முடித்த 33 வீடுகளின் வட்டம். வீட்டு வாசல்களில் இரும்பில் செய்த தலைகீழ்க் கூம்புகளைக் கவனியுங்கள். பல்லக்கில் வந்தவர்களுக்கு வழிகாட்டிய தீப்பந்தத்தை அதற்குள் செருகித்தான் அணைப்பார்கள்.

ராபர்ட் கிளைவ் அங்கே இருந்தாராமே? நம்ம ஆற்காடு கிளைவா?

அவரேதான். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் வாங்கியவர். சர்க்கஸில் 14-ஆம் எண் வீட்டில் அவர் பெயர்ப் பலகை இருக்கிறது. ஓவியர் கெயின்ஸ்பரோ இருந்த 17-ஆம் எண் வீடும் அங்கேயே. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் செல்வத்தைக் காட்டிக்கொள்ளவும் வந்த ஊர் இது. அபி தேவாலயச் சுவர்க் கல்வெட்டுகளை வாசித்துக்கொண்டே போனால் கம்பெனி ஆட்கள் வரிசையாக வருவார்கள். கரீபியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் வந்த பணமும் இந்தக் கற்களில் இருக்கிறது. ஊருக்கு மேலே குன்றில் தெரியும் பெக்ஃபோர்டு கோபுரம் அப்படிப்பட்ட ஜமைக்காச் சொத்தில் எழுந்தது. அழகை ரசிக்கும்போது இதையும் தெரிந்து ரசிக்கலாம்.

அபிக்குள்ளயும் டிக்கெட்டா? வெளியில இருந்து பார்த்தா போதாதா?

வெளிமுகப்பைப் பார்க்கக் காசில்லை, அதுவே பாதி விருந்து. வாசலின் இருபக்கமும் கல் ஏணிகள், அவற்றில் தேவதைகள் ஏறுகிறார்கள், சிலர் தலைகீழாக இறங்குகிறார்கள். 1499-ல் பிஷப் ஆலிவர் கிங் கண்ட கனவு என்பது கதை. உள்ளே போனால் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள், விசிறி விரிப்பு வேலைப்பாடு. கிழக்குப் பகுதி பதினாறாம் நூற்றாண்டு, நடுக்கூடத்துக் கூரை 1860-களில் அதே பாணியில் சேர்த்தது. எங்கே இணைகிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். கோபுரத்துக்கு 212 படி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இருப்பதால் சுற்றுலாவுக்கு நேரம் குறைவு.

ஜேன் ஆஸ்டின் ஒண்ணும் படிச்சதில்ல. பரவாயில்லையா?

பரவாயில்லை. அவர் 1801 முதல் 1806 வரை இங்கே இருந்தார், அவருடைய இரண்டு நாவல்களில் இந்த ஊர் வருகிறது, ஊரின் மேல் அவருக்குப் பெரிய பிரியமும் இல்லை. செப்டம்பரில் அவர் பெயரில் விழா நடக்கும், அந்தக் காலக் கவுனும் தொப்பியுமாக நூற்றுக்கணக்கானோர் தெருவில் நடப்பார்கள். அது பார்க்க நன்றாயிருக்கும். படிக்காதவர்கள் அவருடைய அருங்காட்சியகத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நாங்க சுத்த சைவம். சாப்பாடு?

பிரச்சினையே இல்லை. சைவத்துக்கென்றே உணவகங்கள் உண்டு, இந்திய உணவகங்களும் உண்டு. முட்டையும் தவிர்ப்பவர்கள் பன், கேக் வகைகளில் கேட்டுச் சாப்பிடுங்கள். சாலி லன் வீடு என்ற பழைய கடையில் கிடைக்கும் பெரிய பன்னுக்குப் பெயர் அதிகம். பாதியை வாட்டி, மேலே எதையாவது தடவித் தருவார்கள். மதியம் வரிசை நிற்கும், காலையிலேயே போய்விடுங்கள். சிப்ஸ் வாங்கினால் எதில் பொரிக்கிறீர்கள் என்று கேளுங்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பு.

கையில் எதையும் திறந்து வைத்துக்கொண்டு ஆற்றோரம் நடக்காதீர்கள். கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்து கொத்திக்கொண்டு போகும்.

எந்த மாசம் நல்லது? மழை கொட்டினா என்ன பண்றது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், ஆனால் சனிக்கிழமை என்றால் தோளோடு தோள் இடித்துத்தான் நகர வேண்டும்.

மழை எந்த மாதத்திலும் வரும். வந்தால் ஹெர்ஷல் வீட்டுக்குப் போங்கள். நியூ கிங் தெரு, 19-ஆம் எண். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல், தானே செய்த தொலைநோக்கியால் இந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டார். தங்கை கரோலினும் அங்கேதான் வான்நூல் கற்றார். சின்ன வீடு, கூட்டம் இருக்காது.

எங்க அம்மா அப்பாவை அனுப்பறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. முடியுமா?

முடியும், ஒரு யோசனையோடு. ஊர் பள்ளத்தில் இருக்கிறது, ராயல் கிரசன்ட் மேட்டில். பலரும் கீழிருந்து கே தெரு ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். டாக்ஸியில் நேராக கிரசன்ட் போய், பிராக் தெரு, சர்க்கஸ், கே தெரு, குவீன் சதுக்கம் என்று இறங்கிக்கொண்டே வரட்டும். இறக்கமும் முழங்காலுக்கு ஆகாது என்றால் சர்க்கஸோடு நிறுத்திக்கொண்டு மறுபடி டாக்ஸி. ரோமானியக் கூடத்தில் மின்தூக்கி உண்டு. தரை சில இடங்களில் மேடுபள்ளம், ஈரமாக இருந்தால் வழுக்கும். அபி கோபுரத்தை மறந்துவிடலாம்.

காசு செலவில்லாம ஏதாவது?

நகர மேயரின் கௌரவ வழிகாட்டிகள் என்ற தன்னார்வலர்கள் பம்ப் ரூம் வாசலிலிருந்து காலை பத்தரைக்கு நடைச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். இரண்டு மணி நேரம், இலவசம், அன்பளிப்பும் வாங்கமாட்டார்கள். ஊர்க்காரர்களின் வாயால் கேட்பது தனி. மேலே சொன்னதில் பாதியை அவர்களே காட்டிவிடுவார்கள், முழங்கால் சரியாக இருக்க வேண்டும்.

மாலையில் பல்டனி பாலம். ராபர்ட் ஆடம் வடிவமைத்து 1774-ல் முடித்தது. இருபுறமும் கடைகள் இருப்பதால் மேலே நடக்கும்போது பாலம் என்றே தெரியாது, ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். கீழே படிப்படியாக வளைந்து விழும் நீருக்கு எதிரில் உட்கார இடம் இருக்கிறது.

அதே நாள்ல ஸ்டோன்ஹெஞ்சையும் முடிச்சிடலாமா?

லண்டனிலிருந்து ஒரே நாளில் பாத்தையும் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்தையும் காட்டும் பேருந்துகள் இருக்கின்றன. பாத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று மணி நேரம், அதுவும் கூட்ட நேரத்தில். ரோமானியக் கூடம் பார்த்தால் கிரசன்ட் கிடையாது. தங்குகிறவர்கள் மறுநாள் பாத்திலிருந்தே அரைநாள் பேருந்தில் போய் வரலாம். ரயில் என்றால் சாலிஸ்பரி போய் அங்கிருந்து பேருந்து, ஒரு முழு நாள் போய்விடும்.

சரி, சாயங்காலம் வந்து மறுநாள் சாயங்காலம் கிளம்பறோம். எதை எப்போ வெச்சுக்கறது?

வந்த மாலை, பாலமும் இருட்டும் வேளையில் தெர்மேயும். மறுநாள் திறந்தவுடன் ரோமானியக் கூடம், வெளியே வந்ததும் பன். மதியத்துக்கு மேல் கிரசன்டும் சர்க்கஸும், பின்பக்கத் தெருவை விட்டுவிடாதீர்கள். இலவச நடைச் சுற்றுலா வேண்டுமென்றால் ரோமானியக் கூடத்தை மதியத்துக்குத் தள்ளுங்கள். அபிக்குள் போவதை நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் கொடுத்துப் பார்ப்பது இரண்டுக்கு மேல் போனால் நடக்க நேரமிருக்காது.

ரூமை காலையிலயே காலி பண்ணணும். பெட்டியை எங்கே வைக்கறது?

தங்கிய விடுதியிலேயே கேளுங்கள், பெரும்பாலும் மாலை வரை வைத்துக்கொள்வார்கள். அறை பதிவு செய்யும்போதே உறுதி செய்துகொள்வது நல்லது. ரயில் நிலையத்தை நம்பி வராதீர்கள், பெரிய பெட்டியோடு ரோமானியக் கூடத்துக்குள்ளும் விடமாட்டார்கள்.